விடல்லே

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க அக்கா. எனக்கு இந்த மலை பழகிப்போச்சு. போடியிலிருந்து மெட்டு வரைக்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவு. நாலு வருஷமாக ஏறி இறங்குகிறேன். குமட்டினால் சொல்லுங்க, பையில் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன். மோந்து பார்த்தாலே போதும்.

இல்லையில்லை, இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வேலைக்கு என்றால் ஜீப்பில்தான் போவேன். இன்றைக்குப் பதினொரு மணிக்கு நான் ஸ்டேஷனில் இருக்கணும். போலீஸ் ஸ்டேஷன்தான். ஏன் அக்கா தள்ளி உட்காருறீங்க? நான் ஒன்றும் திருடிவிட்டுப் போகவில்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். தாள் இந்தப் பையில்தான் இருக்கிறது. மேனேஜர் சார் எழுதிக் கொடுத்தார். நாலே வரி. மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரச் சொன்னார். கேட்டால் தாளைப் பார்க்காமல் சொல்லணுமாம்.

எனக்கு மனப்பாடம் வராது அக்கா. பத்தாவதில் அதனால்தான் பெயிலானேன்.

என் பெயர் நாகஜோதி. மேலே எல்லாரும் ஜோதி என்பார்கள். முதலில் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கத்தான் போனேன். பெறகு தோட்டத்து முதலாளி பாதித் தோட்டத்தைச் சுற்றுலாப் பார்க் ஆக்கினார். மரத்துக்கு மரம் பலகை அடித்து மேடை கட்டி, இந்த மலைக்கும் அந்த மலைக்கும் இரும்புக் கம்பி இழுத்து, ஆளை பெல்ட்டில் கட்டித் தொங்கவிட்டு அனுப்புகிறது. கப்பியில் ஓடும். நம் ஊர்க் கிணற்றில் இருக்குமே, அந்தக் கப்பிதான், கொஞ்சம் பெரிசு. கீழே முழுக்கக் காடு. நீங்கள் மரத்தை அண்ணாந்துதானே பார்த்திருப்பீங்க? அங்கே மரத்தின் உச்சந்தலையைக் குனிந்து பார்க்கலாம். கருங்குரங்கு உட்கார்ந்து நம்மை அண்ணாந்து பார்க்கும்.

நான் முதல் மேடை. அனுப்புகிற ஆள். பெல்ட் கட்டணும், கொக்கியை மாட்டணும், மாட்டினதை இழுத்துப் பார்க்கணும், ரெண்டாவது தடவையும் இழுத்துப் பார்க்கணும், பெறகு விடணும். அந்தப் பார்க்கில் மேடையில் நிற்கிற ஒரே பொம்பளை நான்தான். ஒரே தமிழாளும் நான்தான். சேலை கட்டிக்கொண்டு வருகிற அம்மாக்களுக்குப் பெல்ட் மாட்ட ஆம்பளை ஆள் சரிப்படுமா? அதுக்குத்தான் என்னைக் காய் எடுக்கிறதிலிருந்து மேலே ஏற்றினார்கள். நாலு வருஷத்தில் என் கையால் விட்ட ஆள் எத்தனை ஆயிரம்! ஒருத்தருக்கு ஒரு கீறல் கிடையாது.

அன்றைக்கு வரைக்கும்.

அந்தப் பக்கம், எதிர் மலையில், தங்கச்சன் சேட்டன். அவர் பிடிக்கிற ஆள். மலையாளத்துக்காரர். நாற்பத்தஞ்சு வயசு இருக்கும். மரம் ஏறுகிறவர், மிளகு பறிக்கிறவர், கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. எவ்வளவு வேகமாக ஆள் வந்தாலும் அந்தக் கையால் பிடித்து நிறுத்திவிடுவார். நடுவில் முந்நூறு மீட்டர். வெயில் அடித்தால் அவருடைய சிவப்புத் தொப்பி எனக்குப் பொட்டு மாதிரித் தெரியும். மேகம் இறங்கினால் கம்பி பத்தடியோடு காணாமல் போய்விடும். அப்போது வாக்கி-டாக்கிதான், வாக்கி என்போம். வாக்கியில் அவர் ‘கிளியர்’ என்றால் விடலாம். ‘ஹோல்டு’ என்றால் விடக்கூடாது. இந்த ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை தவிர வேறு எதுவும் வாக்கியில் பேசக்கூடாது என்று முதலாளி எழுதி என் மேடையிலும் ஒட்டியிருக்கிறார், அவர் மேடையிலும் ஒட்டியிருக்கிறார்.

இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. ரெண்டே வார்த்தை. அவர் அதை மீறினார். தாளில் முதல் வரியே அதுதான்.

மூன்றாவது வளைவு இது. இங்கே கொஞ்சம் தூக்கிப்போடும், கம்பியைப் பிடிச்சுக்கங்க.

ஆமாம், பேசக்கூடாது என்று இருந்தாலும் பேசுவோம்தான். நாள் முழுக்க ஒரு மரத்தில் நின்றால் வாய் சும்மா இருக்குமா? அவர்தான் ஆரம்பிப்பார். “ஜோதீ, இந்நு சோறோ சப்பாத்தியோ?” என்பார். சப்பாத்தி என்றால், “எனிக்கு ரெண்டெண்ணம் மாற்றி வைச்சோ” என்பார். ரெண்டு எடுத்து வைக்கச் சொல்கிறார். நான் வேண்டுமென்றே தமிழில்தான் பதில் சொல்வேன். “உங்க வீட்டுக் கப்பக்கிழங்கு என்னாச்சு?” என்பேன். அவருக்கும் என்னிடம் தமிழ் பேசணும் என்று ஆசை. ஆனால் வராது. அவருக்கு ‘விடலையா’ என்று கேட்கத் தெரியாது. நான் கொஞ்சம் தாமதித்தால் போதும், வாக்கியில் வந்துவிடுவார். “இன்னும் விடல்லே? ஜோதீ, விடல்லே? ஆளைக் கூட்டான் போடிக்குப் போயோ?” ஆளைக் கூட்டிவரப் போடிக்கே போய்விட்டாயா என்று கேலி.

விடல்லே. அப்படித்தான் சொல்வார். ‘விடலையா’ என்று சொல்லுங்க சேட்டா என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன். “விடல்லயா” என்பார் ஒரு நாள். மறுநாள் திரும்ப விடல்லேதான்.

எனக்கு மலையாளம் தெரியாது அக்கா. அதைச் சொல்லிவிடுகிறேன். ரெண்டாவது வரி அது. எனக்கு மலையாளம் தெரியாது.

சரி. அன்றைக்கு நடந்தது. பதினோரு நாளாச்சு, புதன்கிழமை. திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வேன் நிறைய ஆள். மாமன் மச்சான் எல்லாரும் ஒரே குடும்பம், பதினாறு பேர். ஒரு நாள் பயணமாம், காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பணுமாம். அதனால் வந்ததிலிருந்தே அவசரம். காலையிலேயே மேனேஜர் கடிகாரத்தோடு என் மேடைக்குக் கீழே வந்து நின்றார்.

ஒரு வாரமாகவே அப்படித்தான். ஒரு ஆளுக்கு நான் நாலு நிமிஷம் எடுக்கிறேனாம். மூணு நிமிஷத்தில் விடணுமாம். “ஜோதி, இப்படியே போனா திங்கட்கிழமையிலேர்ந்து ஹெல்மெட் கழுவுற எடத்துக்குப் போயிரு. மேடைக்கு வேற ஆள் பாத்துக்கறேன்” என்று வரிசையில் நிற்கிறவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். யார் போய் அவரிடம் நான் மெதுவென்று சொன்னது? எனக்குத் தெரியாதா? அன்றைக்குக் காலையில் ஜீப்பை விட்டு இறங்கும்போதே தங்கச்சன் சேட்டன் எல்லாரும் கேட்க, “வந்நல்லோ, போடி ஆமெ!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். போடிக்கார ஆமை வந்தாச்சாம். ஆமை என்கிறார் அக்கா, என்னை. ரெண்டு தடவை இழுத்துப் பார்த்து அனுப்புகிறவளை ஆமை என்கிறார். அதிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சப்பாத்தி கேட்டார், நான் வாயே திறக்கவில்லை.

அதெல்லாம் தாளில் இல்லை. மேனேஜர் அதை எழுத வேண்டாம் என்றார்.

ஒன்பது பேரை விட்டாச்சு. மேகம் இல்லை, நல்ல வெளிச்சம். பத்தாவது ஒரு பிள்ளை. மிருதுளா என்று பெயர். எட்டாவது படிக்கிறதாம். ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. அடுத்தது அவளுடைய அப்பா, குணசீலன். நல்ல பாரமான ஆள், தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. பிள்ளையை முதலில் அனுப்பிவிட்டுப் பின்னாலேயே தான் வருவதாகச் சொன்னார். பிள்ளை என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நான் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே, “ஒண்ணுமில்லடா, ஊஞ்சல் மாதிரித்தான். நான் விட்டா அந்தப் பக்கம் ஒரு மாமா புடிச்சுக்குவாரு. அவர் கையிலேர்ந்து ஈ கூடத் தப்பாது” என்றேன். நான்தான் சொன்னேன், அவரைப் பற்றி. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தும் சொன்னேன்.

“கிளியர்” என்றார். விட்டேன்.

கம்பி பாடும் அக்கா. உங்களுக்கு அது எப்படிச் சொல்ல? பாரம் ஏறினவுடன் கம்பி ஙொய்யென்று பாட ஆரம்பிக்கும். நான் தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு எண்ணுவேன். இருபத்திரண்டு எண்ணும்போது அந்தப் பக்கம் டங்கென்று ஒரு அதிர்ச்சி வரும். அவர் பிடித்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கு அப்புறம்தான் வாக்கியில் வருவார்.

மிருதுளாவை விட்ட நேரம் பார்த்து மேகம் இறங்கியது. பள்ளத்திலிருந்து குபுகுபுவென்று வந்து, ஒரு பத்து எண்ணுவதற்குள் எதிர் மலையை விழுங்கிவிட்டது. எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டது. இருபத்திரண்டு எண்ணினேன். முப்பதும் எண்ணினேன்.

இல்லை. டங் கேட்கவில்லை. லேசான பிள்ளைதானே, கேட்டிருக்காது என்று நினைத்தேன். யாருமே அப்படித்தான் நினைப்பார்கள்.

லேசான ஆள் எதிர்க்காற்றில் போனால் அந்தப் பக்கம் போய்ச் சேராமல் நின்றுவிடுவது உண்டு. நின்றால் பின்னாலேயே உருண்டு வந்து கம்பியின் தொய்வில் தொங்கும். வருஷத்துக்கு அஞ்சாறு தடவை நடக்கும். அப்போது தங்கச்சன் சேட்டன் தன் பெல்ட்டைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, கையால் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய் ஆளை இழுத்து வருவார். அந்த நேரத்தில் மட்டும் இந்தப் பக்கமிருந்து ஆளை விடவே கூடாது. செத்தாலும் விடக்கூடாது. அது எனக்குத் தெரியும். நாலு வருஷமாகத் தெரியும்.

ஆனால் அவர் கம்பியில் இருக்கிறார் என்று எனக்கு யார் சொன்னது? மேகம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே மேனேஜர். வரிசையில் இன்னும் ஆறு பேர். குணசீலனுக்குப் பெல்ட் மாட்டி, கொக்கி மாட்டி, இழுத்துப் பார்த்து ஆச்சு. அவர் கேட்டார், “பாப்பா போய்ச் சேந்துருச்சாம்மா?”

“சேந்துருச்சு சார்” என்றேன்.

பொய் இல்லை அக்கா. சேர்ந்திருக்கும் என்று நினைத்ததைச் சொன்னேன்.

அப்போது வாக்கி கரகரத்தது. கர்ர்ரென்று ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து அவர் குரல். “...விடல்லே!” கொஞ்சம் விட்டு, “ஜோதீ, விடல்லே! விடல்லே!”

குணசீலன், “என்னமோ கத்துறாரேம்மா, என்னா சொல்றாரு?” என்றார்.

“ஒண்ணுமில்ல சார். ஏன் இன்னும் விடலைன்னு கேக்குறாரு” என்றேன். அவ்வளவு பேர் முன்னால், மேனேஜர் கீழே நிற்கும்போது, திரும்பவும் என்னை ஆமை என்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. முகமெல்லாம் எரிந்தது. ‘இந்தா விட்டாச்சு, போதுமா’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே...

விட்டேன்.

அக்கா, எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கங்க. முகம் வெளுத்துப்போச்சு உங்களுக்கு. இது பதினொன்றாவது வளைவு. இன்னும் ஆறுதான். தலையைச் சாய்த்துக்கங்க.

கம்பி பாடியது. நல்ல பாரமான ஆள் என்றால் பாட்டு கனமாக இருக்கும், தூண் கூட அதிரும். நான் எண்ணினேன். ஒன்று, ரெண்டு, மூணு. வாக்கியில் அவர் திரும்ப வந்தார். இந்தத் தடவை வார்த்தை இல்லை. வெறும் கத்தல். எட்டு, ஒன்பது. அடியில் ஏதோ சின்னக் குரல் கேட்டது. பெண்பிள்ளைக் குரல். பன்னிரண்டு. பதின்மூன்று. இருபத்திரண்டு வரைக்கும் போகணும், போய்விட்டால் ஒன்றுமில்லை, சாமீ போய்விடட்டும் என்று எண்ணினேன்.

பதினேழில் நின்றுவிட்டது.

டங் இல்லை. வேற சத்தம். அதைச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளையே போலீஸிடம் சொன்னது. பிள்ளை தொய்வில் தொங்கிக்கொண்டு அழுதிருக்கிறது. அவர் கம்பியில் வந்து, “மோளே, பேடிக்கண்டா, ஞான் உண்டல்லோ” என்று சொல்லிச் சொல்லி, தன் பெல்ட்டிலிருந்து ஒரு சின்னக் கயிற்றை அதன் பெல்ட்டில் மாட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். ‘மகளே பயப்படாதே, நான் இருக்கிறேனே’ என்று. பாதி தூரம் போவதற்குள் கம்பி பாட ஆரம்பித்துவிட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபது எண்ணுகிற நேரம் கூட இல்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு கையால் தொங்கிக்கொண்டே தன் கொக்கியைக் கழற்றிப் பிள்ளைக்கு முன்னால் மாட்டி, பிள்ளையைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ரெண்டு காலையும் முன்னால் நீட்டி, வலது கையால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வருகிற ஆளைக் காலால் தாங்கப் பார்த்திருக்கிறார். தாங்கினார்தான். குணசீலனுக்கு ரெண்டு விலா எலும்பு. பிள்ளைக்கு ஒரு கீறல் கிடையாது. ஆனால் சேட்டனுடைய வலது கை, ரெண்டு கப்பிக்கும் நடுவில் போய்விட்டது.

மூன்று விரல். கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கிறதாம்.

நான் போய்ப் பார்க்கவில்லை. எப்படிப் போக? என்னத்தைச் சொல்ல?

அன்றைக்குச் சாயங்காலம்தான் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “விடல்லேன்னா என்னான்னு தெரியுமா?” என்று கேட்டார். நான் ‘இன்னும் விடலையா’ என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் பாஷையில் அதற்கு ‘விட்டுவிடாதே’ என்று அர்த்தமாம். நேர் எதிர். பாருங்க அக்கா, ஒரே வார்த்தை. தமிழில் கேட்டால் ஏன் விடவில்லை, மலையாளத்தில் கேட்டால் விடாதே. நான் தமிழச்சி. என் காதில் தமிழ்தானே விழும்? அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மூன்றாவது வரி அது.

என்ன கேட்டீங்க?

கிளியர் என்று சொன்னாரா என்றா? இல்லை. சொல்லவில்லை. ஆனால் ஹோல்டு என்றும் சொல்லவில்லையே! அதுதானே முக்கியம். ஹோல்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அப்படியே நின்றிருப்பேன். மரம் மாதிரி நின்றிருப்பேன். மூன்று தடவை கத்தினாரே, அந்த மூன்றில் ஒன்று ஹோல்டாக இருந்திருக்கக்கூடாதா? அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு... அவசரத்தில் அவரவர் வாய்க்கு எது வருமோ அதுதான் வரும், அதை நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே.

அதோடு, அவரே ஒத்துக்கொண்டார் அக்கா! இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அதுதான் பெரிய விஷயம். ஆஸ்பத்திரியில் போலீஸ் போய்க் கேட்டபோது, கட்டுப் போட்ட கையோடு, “தெற்று என்றெயா, சாறே. ஹோல்டு பறயேண்டதாயிருந்நு. அந்தப் பெண்ணினெ ஒந்நும் செய்யல்லே” என்றாராம். என்னுடைய தப்புதான், ஹோல்டு என்று சொல்லியிருக்கணும், அந்தப் பெண்ணை ஒன்றும் பண்ணிவிடாதீங்க என்று. யாரும் அடித்துச் சொல்ல வைக்கவில்லை. தானாகச் சொன்னார். தப்பு இல்லாதவர் தப்பு என் மேல் என்று சொல்வாரா? நீங்களே சொல்லுங்க. யாராவது சொல்வார்களா?

அவர் சம்சாரம் லிசி சேச்சி நாலு தடவை போன் பண்ணினாங்க. நான் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை சேட்டனே குரல் பதிவு பண்ணி அனுப்பியிருந்தார். ராத்திரி முழுக்க அதைத் திறக்கவில்லை. நேற்றுத்தான் கேட்டேன். நாலே வார்த்தை. “ஜோதீ, மோளே, பேடிக்கண்டா கேட்டோ.”

பயப்படாதே என்கிறார். யார் பயந்தது? நான் எதுக்குப் பயப்படணும்?

பதினேழாவது வளைவு தாண்டியாச்சு. இனி மூச்சு விடலாம். அதோ பாருங்க, சோதனைச் சாவடி. இதற்கு மேல் கேரளா. காற்றே மாறிவிடும், ஏலக்காய் வாசம் வரும். உங்கள் தங்கச்சி வீடு பூப்பாறையில் எந்தப் பக்கம்? நான் அதற்கு முன்னாலேயே இறங்கிவிடுவேன். ஸ்டேஷன் முக்கு என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. சின்ன நிறுத்தம், ஆள் இல்லையென்றால் நிற்க மாட்டான். பேச்சு சுவாரசியத்தில் விட்டுவிடப்போகிறேன்.

கையெழுத்துப் போட்டால் என்ன ஆகுமா? கேஸ் அவர் பெயரில் போகும். முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவார், விதியை மீறின ஆள் என்று. எப்படியும் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவரால் ஆளைப் பிடிக்க முடியுமா, மிளகுக்கு ஏணி ஏற முடியுமா? முடியாது. அப்படி இருக்கும்போது கேஸ் அவர் பெயரில் இருந்தால் என்ன, என் பெயரில் இருந்தால் என்ன? என் பெயரில் வந்தால் எனக்கு மேடை போய்விடும். இவ்வளவு பேரை ஒரு கீறல் இல்லாமல் அனுப்பினவள். மேனேஜர் சொல்லிவிட்டார், கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை முதல் திரும்ப அதே மேடையாம். ஹெல்மெட் கழுவுகிற பேச்சே இல்லை.

நான் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை அக்கா. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு நாள் போய்ப் பார்ப்பேன். சப்பாத்தி சுட்டு எடுத்துக்கொண்டு போவேன். ரெண்டு இல்லை, நாலாக. ஆனால் முதலில் இது முடியட்டும்.

நீங்கள் என்ன, ஜன்னல் பக்கமே திரும்பிக்கிட்டீங்க? குமட்டலா? இல்லையா? சரி, ஒரு உதவி பண்ணுங்க. இந்தத் தாளைப் பிடிங்க. நான் பார்க்காமல் சொல்கிறேன், சரியா இருக்கிறதா என்று பாருங்க. அங்கே போய் நாக்குக் குழறினால் அசிங்கம்.

ஒன்று. வாக்கியில் கிளியர், ஹோல்டு என்ற ரெண்டு வார்த்தை தவிர வேறு பேசக்கூடாது என்பது விதி. தங்கச்சன் அந்த விதியை மீறினார். சேட்டன் என்று போடவில்லை, ஆமாம், வெறும் தங்கச்சன். ரெண்டு. எனக்கு மலையாளம் தெரியாது. மூன்று. அவர் சொன்ன வார்த்தையை அதற்கு முன்னால் அந்த அர்த்தத்தில் நான் ஒரு தடவை கூடக் கேட்டதும் இல்லை, பேசினதும் இல்லை. நாலு... நாலு என்ன? இருங்க, சொல்லாதீங்க. நாலு. மேற்படி விஷயங்கள் எல்லாம் உண்மை என்று...

ஐயோ! அதுதானே ஸ்டேஷன் முக்கு? அந்தப் பச்சைக் கட்டடம்! ரெண்டு பேர் ஏறியாச்சு, பெல்லும் அடிச்சாச்சு, வண்டி நகருது! தாளைக் கொடுங்க அக்கா, பையைக் கொடுங்க. கொஞ்சம் வழி விடுங்க. சேட்டா! கண்டக்டர் சேட்டா!

விடல்லே! விடல்லே சேட்டா, விடல்லே! ஆளிறங்ஙானுண்டு!

அப்பாடா. நின்னுருச்சு. எப்பவும் இப்படிக் கத்தினாத்தான் நிறுத்துவாங்க.

எலுமிச்சம்பழத்தை நீங்களே வச்சுக்கங்க. பூப்பாறை வரைக்கும் ஆகும். நான் வர்றேன்.

என்ன அக்கா? ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நான் இப்ப என்ன சொல்லிட்டேன்?